வேலை கிடைக்காத நேர்காணலில் கிடைத்த அறிமுகத்தை என்ன செய்வது?

பாமணிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். உணவுத் தொழில்நுட்பத்தில் பொறியியல் பட்டம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். அண்மையில் தஞ்சாவூர் அருகே உள்ள ஒரு நவீன அரிசி ஆலைக்குத் தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் பணிக்கான நேர்காணலுக்குச் சென்றிருந்தேன். பொது மேலாளர், ஆய்வுக்கூடப் பொறுப்பாளர், பணியாளர் பிரிவைச் சேர்ந்த ஒருவர் என மூவர் அமர்ந்திருந்தனர்.

வழக்கமான கேள்விகள் முடிந்த பிறகு, புழுங்கல் அரிசியில் குருணை கூடுவதற்கு உலர்த்தி எந்த அளவுக்குக் காரணம் என்று பொது மேலாளர் கேட்டார். அவித்த நெல்லை ஒரே மூச்சில் காயவைத்தால் மணிக்குள் வெடிப்பு விழும், அது அரவையில் உடையும், ஆகவே இரண்டு கட்டமாகக் காயவைத்து இடையில் ஆறவிட வேண்டும் என்று விடை சொன்னேன். எவ்வளவு நேரம் ஆறவிடுவது என்று அவர் மேலும் கேட்டபோது, பாடத்தில் படித்ததைத் தவிர எனக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. மழையில் நனைந்த குறுவை நெல் வந்து குவியும் நாள்களில் தங்கள் ஆலை படும் பாட்டை அவரும் ஆய்வுக்கூடப் பொறுப்பாளரும் நெடுநேரம் விவரித்தார்கள். நானும் தயக்கமின்றிக் கேள்விகள் கேட்டேன். கல்லூரியில்கூட இவ்வளவு ஈடுபாட்டோடு நான் ஒரு பொருளைப் பற்றிப் பேசியதில்லை.

பிறகு, அனுபவம் உள்ள வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. அதன் கடைசி வரி, "தொடர்பில் இருங்கள்" என்பது.

இந்த வரியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டது. "இல்லை என்று சொன்னவர் வாசலில் மறுபடி போய் நிற்பது மரியாதையாக இருக்காது" என்கிறார் அப்பா. "ஆள் பழக்கமாகிவிட்டது, விடாதே, பொங்கலுக்கு ஒரு பழத்தட்டோடு போய்ப் பார்த்துவிட்டு வா" என்கிறார் மாமா. எனக்கு இரண்டிலுமே மனம் ஒப்பவில்லை. அந்த இருவரிடமிருந்தும் இன்னும் நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அதே வேளையில், வேலைக்காக ஒட்டிக்கொண்டு திரிகிறாள் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. நேர்காணலில் ஏற்பட்ட அறிமுகத்தை நீண்ட நாள் தொழில் உறவாக வளர்ப்பது முறையா? முறை என்றால், யாருக்கு, எப்போது, என்ன எழுத வேண்டும்? நேர்காணல் நடத்தும் இடத்தில் இருப்பவர்கள் யாரேனும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வெண்ணாற்றான்

தங்கைக்கு வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் உற்பத்திப் பொறுப்பில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் வழக்கம் உண்டு என்பதால், அங்கிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

முதலில், "தொடர்பில் இருங்கள்" என்ற வரியை மறந்துவிடுங்கள். பணியாளர் பிரிவு எல்லோருக்கும் அனுப்பும் மடலில் அது தானாகவே இருக்கும். நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நெடுநேரப் பேச்சைத்தான். வெளியே இன்னும் சிலர் காத்துக்கொண்டிருக்கையில், தம் ஆலையின் உலர்த்திச் சிக்கலை வந்தவரிடம் விவரித்துக்கொண்டிருக்கும் மேலாளர், மரியாதைக்காக அப்படிச் செய்வதில்லை. அவருக்கு உங்கள் கேள்விகள் பிடித்திருந்தன. ஆனால் அந்த இடத்துக்கு உடனே பொறுப்பேற்கக்கூடிய அனுபவசாலி தேவைப்பட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது வேலை தேடுபவர்களுக்கு எளிதில் புலப்படுவதில்லை.

அவருக்கு அந்தச் சிக்கல் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசின் நெல் கொள்முதலை நடத்தும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரைத்துக் கொடுக்கும் ஆலைகள், 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசியானால் 67 கிலோவும், புழுங்கலானால் 68 கிலோவும் திருப்பித் தர வேண்டும். அந்த அரிசியில் குருணை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் மழையோடு போட்டி போட்டுக்கொண்டு நடக்கும். 17 சதவீத ஈரப்பதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதல் என்பது விதி. வயலில் இருந்து வருவதோ அதைவிடக் கூடுதல் ஈரத்தோடுதான் வருகிறது, அதனால் விதியைத் தளர்த்தக் கேட்பது ஏறக்குறைய ஆண்டுதோறும் நடப்பது. அப்படிப்பட்ட நெல்லையும் சேர்த்து அரைத்து, 68 கிலோவை உடையாமல் எடுப்பதில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது. ஆகவே ஆறவிடும் நேரத்தைப் பற்றி அவர் கேட்டது உங்களைச் சோதிக்க மட்டுமே என்று எண்ண வேண்டாம். விடை அவருக்கும் தேவையாக இருந்திருக்கும்.

உங்கள் கேள்விக்கு என் விடை இதிலேயே இருக்கிறது. நேர்காணலில் பாதியில் நின்ற பொருள் எதுவோ அதுதான் உறவுக்கு அடிப்படை. அன்று சொல்ல முடியாததை இப்போது தேடிப் படித்தோ, செய்து பார்த்தோ, விசாரித்தோ அரைப்பக்கம் எழுதி அனுப்புங்கள். பழத்தட்டு வேண்டவே வேண்டாம். அது கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒருசேரச் சங்கடப்படுத்தும். காலை வணக்கப் படங்களும் வேண்டாம். என் கைபேசியில் நாள்தோறும் சூரியனும் ரோஜாப்பூவுமாக வந்து நிறைகின்றன, அவற்றை அனுப்பியவர்களில் ஒருவரின் பெயர்கூட எனக்கு நினைவில் இல்லை.

யாருக்கு எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுக்கூடப் பொறுப்பாளருக்கு எழுதி, பொது மேலாளருக்குப் படி அனுப்புங்கள். எல்லோரும் மேலே இருப்பவரையே பிடிக்கப் பார்க்கிறார்கள், ஆனால் நாளை ஓர் இடம் காலியானால், "அன்றைக்கு வந்த பெண் எப்படி?" என்று மேலே இருப்பவர் கேட்பது ஆய்வுக்கூடத்துக்காரரிடம்தான். இடம் காலியாவதும் அப்படியொன்றும் அரிதல்ல. தேர்வான ஆள் சேராமலே போவார். சேர்ந்தவர் காங்கேயத்திலோ செங்குன்றத்திலோ கூடுதல் சம்பளம் கிடைத்தால் பருவத்தின் நடுவில் கிளம்பிவிடுவார். அரசுத் தேர்வில் தேறியவர் மறுவாரமே விடைபெறுவார். அப்படி ஆகும்போது உடனே விளம்பரம் கொடுக்கும் ஆலையை நான் பார்த்ததில்லை. கடந்த முறை வந்தவர்களில் யார் நினைவில் நிற்கிறார்களோ அவர்களைத்தான் முதலில் அழைப்போம்.

காலமும் முக்கியம். கொள்முதல் உச்சத்தில் இருக்கும் செப்டம்பர், அக்டோபரிலும், சம்பா வரத்து இருக்கும் ஜனவரி, பிப்ரவரியிலும் எங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. அப்போது வரும் மடல் நல்லதாக இருந்தாலும் அடியில் போய்விடும். கோடையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் நாள்களில் எழுதினால் நிதானமாகப் படிப்போம், பதிலும் வரும். ஆனால் முதல் மடலை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்; முகம் நினைவில் இருக்கும்போதே அது போய்ச் சேர வேண்டும்.

உப்பளத்தார்

இங்கே ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் வேதாரண்யத்துக்காரன், அரசுத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மேலே ஐயா சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விளம்பரம் கொடுக்காமல் "நினைவில் நிற்பவரை" அழைப்பது என்றால், அது சிபாரிசுக்குச் சலவைச் சட்டை போட்டது போலத்தான் எனக்குப் படுகிறது. இந்தப் பக்கத்தில் யாருக்கு யார் உறவு, யார் எந்த ஊர், யார் எந்தத் தெரு என்பதை வைத்தே பாதி வேலை முடிவாகிறது என்பது எல்லோரும் அறிந்தது. பேசத் தெரிந்தவர்களும், பிழையில்லாமல் மடல் எழுதத் தெரிந்தவர்களும் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். கூச்சப்படுகிறவர்கள் அங்கேயே நிற்பார்கள். நடுவண் அரசு 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே நீக்கியதற்கு இப்படிப்பட்ட காரணங்கள்தானே இருந்தன?

இன்னொன்று. இந்த அறிவுரையைப் படித்துவிட்டு, அரசுப் பணி நேர்காணலுக்குப் போய் வந்த யாரேனும் தேர்வுக் குழுவினருக்கு மடல் எழுதிவிடக் கூடாது. வாணிபக் கழகத்தின் பருவகாலப் பட்டியல் எழுத்தர் பணியானாலும், தேர்வாணையத்தின் பெரிய பதவியானாலும், தேர்வு நடந்துகொண்டிருக்கையில் எந்த வகையில் அணுகினாலும் அது செல்வாக்கு தேடும் முயற்சியாகக் கருதப்படும், விண்ணப்பமே தள்ளுபடியாகலாம்.

அரசலாறு

அம்மா, நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற பேராசிரியன். உப்பளத்தார் தம்பியின் இரண்டாவது எச்சரிக்கையை அப்படியே வழிமொழிகிறேன். முதலாவது ஐயத்துக்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன்.

சிபாரிசில், பரிந்துரைப்பவர் தமக்கு உறவு என்பதற்காகவோ கடமைப்பட்டவர் என்பதற்காகவோ ஒருவரைச் சொல்கிறார். அவருடைய வேலைத்திறனைச் சொல்பவர் கண்ணால் கண்டிருக்க வேண்டியதில்லை. நேர்காணலில் அறிமுகமானவர் நாளை உங்களைப் பற்றி ஒரு சொல் சொன்னால், தாம் நேரில் கேள்வி கேட்டுச் சோதித்த ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். எந்தப் பின்புலமும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, தன்னைச் சோதித்துப் பார்த்த அயலார் ஒருவரின் சொல்தான் கையில் உள்ள ஒரே சான்று. உறவுக்காரர்களின் செல்வாக்கை எதிர்கொள்ள அதைத் தவிர அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவரின் வாழ்க்கையிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. கணிதமேதை ராமானுஜன் 1910ஆம் ஆண்டு திருக்கோவிலூருக்குச் சென்று, அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. ராமசுவாமி அய்யரைச் சந்தித்து, அவருடைய அலுவலகத்தில் எழுத்தர் வேலை கேட்டார். சந்திக்கச் சென்றவர் கையில் தம் கணிதக் குறிப்பேடுகளைக் கொண்டு போயிருந்தார். ராமசுவாமி அய்யர் 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். புரட்டிப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. வேலை கொடுக்கவில்லை. வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் ஓர் எழுத்தராக இவரை முடக்கிவிடத் தமக்கு மனம் வரவில்லை என்று பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். அதற்குப் பதிலாகச் சென்னையில் தமக்குத் தெரிந்த கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். அந்தக் கடிதங்கள் சேஷு அய்யரிடமும், அவர் வழியாக நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவிடமும் கொண்டு சேர்த்தன. ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1911இல் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தரானபோது, அங்கே அவருக்கு மேலே இருந்த நாராயண அய்யரும் அதே கணிதக் கழகத்தைச் சேர்ந்தவர்தான். கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு 1913 ஜனவரியில் எழுதிய கடிதம் இவ்வளவுக்கும் பிறகு வந்தது.

எல்லோரும் ராமானுஜன் ஆகிவிட முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், நானும் அதற்காகச் சொல்லவில்லை. வேலை கிடைக்காத ஒரு சந்திப்பு எப்படிப் பயன்பட்டது என்பதைப் பாருங்கள். அவர் தம் கஷ்டத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தால், அந்தத் துணை ஆட்சியர் அதிகம் போனால் இரக்கப்பட்டிருப்பார். குறிப்பேடு இருந்ததால்தான் அடுத்தவருக்குக் கடிதம் எழுத அவருக்கு ஒரு பொருள் கிடைத்தது. வெண்ணாற்றான் சொன்ன அரைப்பக்கம் உங்களுடைய குறிப்பேடு.

அயலாரின் அறிமுகம் ஏன் பயன்படுகிறது என்பதைச் சமூகவியலாளர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கர் 1973இல் எழுதிய கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டனில், தெரிந்தவர் மூலமாக வேலை மாறிய தொழில்முறைப் பணியாளர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று அவர் விசாரித்தார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம், எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்தே இருக்கும். தூரத்து அறிமுகம்தான் நாம் கேள்விப்படாத இடத்திலிருந்து செய்தி கொண்டு வரும். உங்கள் மாமாவுக்குத் தெரிந்த ஆலைகள் உங்கள் அப்பாவுக்கும் தெரியும். அந்த ஆய்வுக்கூடப் பொறுப்பாளருக்குத் தெரிந்தவை அவர்கள் இருவருக்கும் தெரியாது.

ஓடம்போக்கி

பாமணிக்கரைத் தங்கைக்கு, திருவாரூரிலிருந்து ஓர் அக்கா எழுதுகிறேன். உணவுப் பொருள் தர ஆய்வில் பணிபுரிகிறேன். மேலே பெரியவர்கள் சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடுதான், ஆனால் அவர்கள் ஆண்களாக இருப்பதால் தொடாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

எழுதுவது அலுவலக மின்னஞ்சலுக்கு மட்டும் இருக்கட்டும். உங்கள் தன்விவரக் குறிப்பில் கைபேசி எண் இருக்கிறது என்பதற்காக, நேர்காணல் நடத்திய ஒருவர் இரவு நேரத்தில் வாட்ஸ்அப்பில் நலம் விசாரிக்கத் தொடங்கினால், அதைத் தொழில் உறவின் தொடக்கம் என்று நம்பிப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் பதிலை மறுநாள் அலுவலக நேரத்தில், அலுவலக முகவரிக்கு, வேலைப் பொருளைப் பற்றி மட்டும் அனுப்புங்கள். நல்ல எண்ணம் உள்ளவர் உடனே அந்த வழிக்கு வந்துவிடுவார். மற்றவர் தாமாகவே விலகுவார். வெண்ணாற்றான் ஐயா, மேலாளருக்குப் படி அனுப்பச் சொன்னது இந்த வகையிலும் நல்ல யோசனை. ஒரு மடலை இருவர் படிக்கிறார்கள் என்பதே ஒரு பாதுகாப்பு. லிங்க்ட்இன்னில் இணைவதாக இருந்தால், எந்த நாள், எந்தப் பணிக்கான நேர்காணலில் சந்தித்தோம் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். வெறும் அழைப்பு போனால் யார் என்றே தெரியாது.

எல்லோரும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். வெளியே உங்களோடு நாற்காலியில் காத்திருந்தவர்களை யாரும் குறிப்பிடவில்லை. என் அனுபவத்தில் நேர்காணல்கள் தந்த மிக உறுதியான உறவுகள் அங்கேதான் உண்டாயின. அவர்களும் இதே படிப்பு, இதே வயது, இதே தேடல். இன்னும் சில ஆண்டுகளில் டெல்டா மாவட்டங்களின் ஆலைகளிலும் ஏற்றுமதி நிறுவனங்களிலும் பரிசோதனைக் கூடங்களிலும் பரவி உட்கார்ந்திருப்பார்கள். ஆய்வுக்கு வந்த ஒரு மாதிரியின் சோதனை முடிவில் சந்தேகம் வந்தால் நான் முதலில் அழைப்பது, என்றோ ஒரு வரவேற்பறையில் தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்துகொண்ட ஒரு தோழியைத்தான். மேலாளர்கள் மாறுவார்கள், ஓய்வு பெறுவார்கள். உடன் காத்திருந்தவர்கள் உங்களோடு சேர்ந்தே மேலே வருவார்கள். இந்த இடத்துக்குத் தேர்வான அந்த அனுபவசாலியும் இதில் அடக்கம். முடிந்தால் அவருக்கும் ஒரு வாழ்த்துச் சொல்லுங்கள். மனம் கொஞ்சம் முரண்டும், ஆனாலும் சொல்லுங்கள்.

வேண்டாத வேலைக்கும் நேர்காணலுக்குப் போய் வா, நாலு பேர் அறிமுகம் ஆவார்கள் என்று சிலர் அறிவுரை சொல்வதுண்டு. நான் இதை ஏற்பதில்லை. சேரும் எண்ணமே இல்லாமல் போய் உட்கார்ந்தால் வேறொருவரின் வாய்ப்பு குறைகிறது. நடத்தியவர்களுக்கு அது பிறகு தெரிய வந்தால், அந்தப் பெயர் திருவாரூரில் கெட்டது தஞ்சாவூரில் தெரிய வெகுநேரம் ஆகாது. இயந்திரம் விற்பவர், விதை விற்பவர், பரிசோதனைக் கூடத்துக்காரர் என்று எல்லா ஆலைக்கும் போய் வருகிறவர்கள் அதே சிலர்தான். அதே காரணத்தால், வேலை கிடைத்து நீங்கள் மறுக்க நேரும் நாளில், சேர வேண்டிய தேதிவரை காத்திருக்காமல் தொலைபேசியில் அழைத்து நீங்களே சொல்லிவிடுங்கள். பேசாமல் இருந்துவிடுபவர்களே இங்கே மிகுதி. ஆகவே முறையாகச் சொல்லி விலகியவரை யாரும் மறப்பதில்லை.

நேர்காணல் நடத்தும் ஆலைகளுக்கும் ஒரு சொல். இல்லை என்பதைச் சொல்வதற்கு ஒரு மடல் அனுப்பும் நாகரிகம்கூடப் பல இடங்களில் இல்லை. தங்கைக்கு வந்த மடல் அச்சடித்த வாசகமாகவே இருந்தாலும், அனுப்பினார்கள் என்பதற்காகவே அந்த ஆலையை நான் மதிக்கிறேன்.

பாமணிக்கரை

அனைவருக்கும் நன்றி. உப்பளத்தார் அண்ணன் சொன்னது எனக்கும் உறுத்திக்கொண்டிருந்ததுதான். பேராசிரியர் ஐயாவின் விளக்கத்துக்குப் பிறகு தெளிவு வந்தது. அப்பாவிடமும் படித்துக் காட்டினேன். மடல் எழுதுவதில் அவருக்கு மறுப்பில்லை, நேரில் போவதுதான் கூடாதாம்.

அரைப்பக்கத்துக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் இன்றும் சாப்பாட்டுக்கு உரிய நெல்லை நாங்களே அவித்துக் காயவைக்கிறோம். அவித்ததைக் களத்தில் பரப்பி, பாதி காய்ந்ததும் குவித்துச் சாக்கு போட்டு மூடி, மறுநாள் மீண்டும் பரப்பிக் காயவைப்பது பாட்டியின் வழக்கம். ஏன் என்று கேட்டால், "ஒரே வெயிலில் காய்ந்தால் அரிசி நொறுங்கும்" என்கிறார். மணியின் உள்ளே இருக்கும் ஈரம் வெளிப்புறத்துக்கு வந்து சமன்படுவதற்கான நேரம்தான் அந்தக் குவியல் என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. ஒரே நெல்லை மூன்று பங்காகப் பிரித்து, ஒன்றை ஒரே மூச்சில் காயவைத்து, ஒன்றைச் சில மணி நேரமும் இன்னொன்றை ஓர் இரவும் குவித்துவைத்து, அரைத்த பின் முழு அரிசியையும் உடைந்ததையும் பிரித்து எடை போடலாம் என்று இருக்கிறேன். மடலின் வரைவு இது:

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். தங்கள் நிறுவனத்தில் நேர்காணலில் கலந்துகொள்ளும் அரிய வாய்ப்பை எனக்கு வழங்கியமைக்கு என் உளமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். தேர்வு பெறாதது வருத்தமே ஆயினும், தங்களுடன் உரையாடியதைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். அன்று தாங்கள் கேட்ட, ஆறவிடும் நேரம் பற்றிய கேள்விக்கு விடை தேடி ஒரு சிறு சோதனை செய்ய இருக்கிறேன். எதிர்காலத்தில் வாய்ப்பு ஏதேனும் இருப்பின் என்னை நினைவில் கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

இதில் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

வெண்ணாற்றான்

பாட்டியின் குவியல் அருமையான தொடக்கம். மடலில் அது இல்லையே! நன்றி, வருத்தம், பெரும் பேறு ஆகியவற்றுக்கே பாதி மடல் போய்விட்டது. நன்றி ஒரு வரியில் போதும். கடைசி வாக்கியத்தை முழுவதும் எடுத்துவிடுங்கள். நீங்கள் வேலை தேடுகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், அவர்கள் கையிலேயே உங்கள் விண்ணப்பம் இருக்கிறது. அதைக் கேட்காமல் விட்டால்தான் அவரால் தயக்கமின்றிப் பதில் எழுத முடியும். கேட்டுவிட்டால், இடம் இல்லாதபோது என்ன எழுதுவது என்று யோசித்து மடலையே ஒதுக்கி வைத்துவிடுவார்.

சோதனை முடியும் வரை காத்திருக்காதீர்கள். முதல் மடலில், வீட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் நீங்கள் எப்படிச் சோதிக்கப் போகிறீர்கள் என்பதையும் எழுதி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முதற்கட்டத்தில் எந்த ஈரப்பதத்தில் நிறுத்தி ஆறவிடுகிறார்கள் என்று. 18 சதவீதம் அளவில் நிறுத்துவது பொதுவான முறை, பிறகு 14க்குக் கொண்டு வருவோம். ஆனால் உலர்த்திக்கு உலர்த்தி மாறும், அதைப் பற்றிப் பேச ஆய்வுக்கூடத்துக்காரர் எவருக்கும் அலுக்காது. ஈரப்பதமானி இல்லாமல் உங்கள் சோதனைக்கு மதிப்பு இல்லை. உங்கள் கல்லூரி ஆய்வகத்திலோ, நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுப் பாருங்கள். அங்கே பயிற்சி நாள்களுக்குப் போனால் ஆலைக்காரர்களையும் நேரில் பார்க்கலாம், அப்பா சொல்லும் வாசலில் போய் நிற்கும் சங்கடமும் இருக்காது.

முடிவு வந்ததும் இரண்டாவது மடல், ஓர் அட்டவணையோடு. நெல் ரகம் என்ன என்பதை மறக்காமல் எழுதுங்கள். ஆடுதுறை 43 போன்ற சன்ன ரகமும் சி.ஆர். 1009 போன்ற மோட்டா ரகமும் ஒரே மாதிரி காய்வதில்லை, அதைக் குறிப்பிடாத அட்டவணையை அவர் நம்ப மாட்டார். மடலின் தலைப்பில் "நன்றி" என்று போடாமல், "புழுங்கல் நெல் ஆறவிடும் நேரம்: நேர்காணலில் கேட்ட கேள்வி" என்று போடுங்கள். அக்டோபரில் டிரையர் முன்னால் நின்றுகொண்டு அவர் தேடும்போது கிடைக்க வேண்டும்.